திருகோணமலையும் பெருந்தொற்றும்: வரவு இடாப்பு கூறாத மாணவர் வாழ்வு

ஒரு கல்லூரியின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு முதற்கண் கைகொடுப்பது வரவு இடாப்பாகும். அதிபர் மாறுவர், கட்டடங்கள் எழும், பழைய மாணவர் பெரும்பதவிகளை எய்துவர். இவையெல்லாம் ஆண்டு மலர்களிலும் நினைவுக் கற்களிலும் இடம்பெறும். ஆயின், இன்ன நாளில் இன்ன வகுப்புக்கு இன்னார் வந்தார், இன்னார் வரவில்லை என்பதனை நாள்தோறும் கூறும் சான்று இடாப்பு ஒன்றே. மழை மிகுந்த நாளும், திருவிழா நாளும், ஊரிற் குழப்பம் மூண்ட நாளும் அதன் கட்டங்களிற் குறிகளாய்ப் பதிந்து கிடக்கும். அத்தகைய இடாப்புகளில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆந் திகதி வியாழக்கிழமைக்குப் பின்வரும் பக்கங்கள் வெறுமையாயின. மறுநாள் தொடக்கம் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறப்பதும் மீண்டும் மூடுவதுமாக அவ்வெறுமை 2021ஆம் ஆண்டின் பிற்பகுதிவரை நீண்டது. அப்பக்கங்களின் பின்னே நம் மாவட்டத்து மாணவர் எவ்வாறு வாழ்ந்தனர், அவ்வாழ்வுக்குச் சான்றாக எஞ்சி நிற்பது யாது என்பனவே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

மாணவரின் அன்றாட வாழ்வு வரலாற்றுக்கு ஏற்ற பொருளாகுமோ எனச் சிலர் ஐயுறலாம். அவர்க்குத் திருகோணமலையின் பழைய நூலாகிய கோணேசர் கல்வெட்டையே விடையாகக் காட்டலாம். குளக்கோட்டு மன்னனின் திருப்பணியைப் போற்றும் அந்நூல், மன்னன் புகழோடு அமைந்துவிடவில்லை. கோயிற்றொழும்புகளை எவ்வெக் குடியினர் எவ்வெவ்வாறு செய்தல் வேண்டும் என்பதனையும் விரித்துரைக்கின்றது. நாள்தோறும் நிகழும் பணியே ஒரு நிலையத்தை நிலைபெறச் செய்வது என்னும் உண்மையை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். கோயிலுக்குத் தொழும்பு எத்தகையதோ, கல்லூரிக்கு மாணவர் வரவு அத்தகையது.

நோய்க்கும் துறைமுகத்துக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. மேனாட்டில் 1377ஆம் ஆண்டிலேயே இரகூசா என்னும் துறைமுக நகரம், கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருவோரை முப்பது நாள் ஊருக்குப் புறம்பே தங்கவைக்கும் விதியை இயற்றிற்று. பின்னர் அது நாற்பது நாளாயிற்று. நாற்பது என்னும் எண்ணைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லே ஆங்கிலத்தில் நோய்த்தடுப்புக்கான தனிமைப்படுத்தலுக்குப் பெயராக நிலைத்தது. பம்பாயிற் பிளேக்கு நோய் பரவியதையடுத்து, இலங்கையிலும் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. கப்பல்களையும் துறைமுகங்களையும் பெரிதும் மனத்திற்கொண்டு எழுந்த அச்சட்டமே, ஏறக்குறைய நூற்றிருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தபின், முகக்கவசத்தையும் ஆளிடை வெளியையும் வற்புறுத்தும் விதிகளுக்கு அடிப்படையாயிற்று. ஒருகாற் கப்பலை மறித்து நின்ற சட்டம் இப்பொழுது கல்லூரி வாயிலிலும் வந்து நின்றது எனலாம்.

நிகழ்ச்சிகளின் முறையை முதலில் நோக்குவாம். 2020 ஜனவரி 27ஆந் திகதி சீனநாட்டுச் சுற்றுலாப் பயணி ஒருவருக்கு இந்நோய் இருப்பது இலங்கையில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது. மார்ச் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் உள்நாட்டவர் ஒருவருக்கும் அது கண்டது. பாடசாலைகள் மூடப்பட்டு ஒரு வாரத்தில், மார்ச் 20ஆந் திகதி மாலை, நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. ஜூலை 6ஆந் திகதி 5ஆம், 11ஆம், 13ஆம் தரத்து மாணவர் மட்டும் வகுப்புக்கு மீண்டனர். கந்தக்காட்டுக் கொத்தணி வெளிப்பட்டதும் ஒரு வாரத்திலேயே கதவு மீண்டும் சாத்தப்பட்டது. ஓகஸ்ட் மாதத்தில் வெவ்வேறு தரத்தினர் வெவ்வேறு நாட்களில் வரும் முறை தொடங்கிற்று. ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் மினுவாங்கொடைக் கொத்தணியால் மூன்றாம் முறை மூடல். நவம்பர் 23ஆந் திகதி மேல்வகுப்புகளுக்கு மாத்திரம் திறப்பு. 2021 ஜனவரியில் மேல் மாகாணம் ஒழிந்த இடங்களிற் பரந்த திறப்பு. சித்திரைப் புத்தாண்டுக்குப் பின் ஏப்பிரல் இறுதியில் மீண்டும் மூடல். இக்கடைசி மூடலே யாவற்றினும் நீண்டது. 10ஆந் தரம் முதல் 13ஆந் தரம் வரை பயின்றோர் நவம்பர் 8ஆந் திகதியும், 6ஆந் தரம் முதல் 9ஆந் தரம் வரை பயின்றோர் நவம்பர் 22ஆந் திகதியுமே தத்தம் வகுப்பறையைக் கண்டனர். பின்னவர்க்கு இஃது ஏறக்குறைய ஏழு மாதப் பிரிவாகும்.

உலகப் பரப்பில் நோக்கின் இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. 2020 ஏப்பிரலில், நூற்றுத்தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 150 கோடி மாணவர் வகுப்பறையை இழந்திருந்தனர் என்பது யுனெஸ்கோ நிறுவனத்தின் கணிப்பு. எனினும், ஒரே மழை பெய்தாலும் நிலத்துக்கு நிலம் நீர் வேறுபடுதல்போல, ஒரே மூடல் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறுபட்ட வாழ்வைத் தோற்றுவித்தது. ஆதலால் நம் நிலத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

திருகோணமலை இடர்களைப் புதிதாகக் கண்ட ஊரன்று. 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கியபோது நகரமக்களிற் பலர் ஊரைவிட்டு ஓடினர். 1964 டிசெம்பரில் வீசிய பெரும்புயல் கூரைகளைப் பெயர்த்தெறிந்தது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோரக் கிராமங்களை விழுங்கிற்று. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் போரினால் இடம்பெயர்ந்து கந்தளாய் முதலிய இடங்களுக்குச் சென்றனர். பேரலையின்போதும் போரின்போதும் நாம் கண்டதொன்றுண்டு: வீடிழந்தவர் பாடசாலைக்கு வந்தனர். வகுப்பறை உறைவிடமாயிற்று, மேசை கட்டிலாயிற்று, வெளிமண்டபம் அடுக்களையாயிற்று. கற்பித்தல் தடைப்பட்டபோதும் பாடசாலை ஊரின் நடுவிடமாகவே நின்றது. பெருந்தொற்றோ இவ்வொழுங்கைத் தலைகீழாக்கிற்று. பலர் ஒருங்குகூடும் இடமே அஞ்சத்தக்க இடமாயிற்று. இடர் வந்த காலத்தில் அடைக்கலம் புகுந்த வாயில், இவ்விடர்க்காலத்தில் முதலில் அடைக்கப்பட்டது. நம் மாவட்டத்துக் கல்வி வரலாற்றில் இஃது ஒரு புதிய நிகழ்ச்சியாகும்.

பாடசாலை அடைபட்டபின் கல்வி வீட்டினுள் புகுந்தது. புகவே, வீட்டின் வசதி எதுவோ அதுவே கல்வியின் அளவுமாயிற்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 3 இலட்சத்து 79 ஆயிரம் மக்கள் வாழும் இம்மாவட்டம், 11 பிரதேச செயலாளர் பிரிவுகளைக் கொண்டது. வடக்கே குச்சவெளி, புல்மோட்டை. தெற்கே மூதூர், சேருவில, வெருகல். மேற்கே கந்தளாய், மொறவெவ, கோமரங்கடவல என அது விரிந்து கிடக்கின்றது. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்கும் இப்பகுதியிற் கடல்நீரேரிகளும் ஆற்றுமுகங்களும் ஊரையும் ஊரையும் பிரித்து நிற்கின்றன. கிண்ணியாப் பெரும்பாலம் 2009ஆம் ஆண்டில் திறக்கப்படும்வரை நகருக்கு வரும் மாணவரும் பாதையை, அதாவது மிதவைப் படகை, நம்பியே வந்தனர். நகரிலுள்ள ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரி, ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி, புனித சூசையப்பர் கல்லூரி, மெதடிஸ்த பெண்கள் கல்லூரி போன்றவற்றுக்கும், காட்டோரத்துச் சிறு வித்தியாலயம் ஒன்றுக்கும் உள்ள வேற்றுமை யாவரும் அறிந்ததே. ஆயினும் வகுப்பறை திறந்திருந்த காலத்தில், ஒரே கரும்பலகையின் முன் மீனவர் மகனும் எழுதுவினைஞர் மகனும் அடுத்தடுத்து அமர்ந்திருந்தனர். ஒரு பாடநூலை இருவர் பார்த்துப் படித்தனர். அச்சமநிலை எத்துணைப் பெரிது என்பது அஃது இல்லாது போனபோதே விளங்கிற்று.

கல்வி அமைச்சு வாளாவிருந்ததன்று. ஈ-தக்சலாவ என்னும் இணையத்தளத்திற் பாடங்கள் வைக்கப்பட்டன. 2020 ஏப்பிரல் தொடக்கம் ரூபவாகினி நிறுவனத்தின் நேத்ரா அலைவரிசையிலே தமிழ்மொழி மூலப் பாடங்கள் ஒளிபரப்பாயின. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கல்விக்கெனச் சிறப்புத் தரவுப் பொதிகளை விற்றன. ஆனால் அக்காலத்தில் இலங்கைக் குடும்பங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றிலேதான் கணினி இருந்தது. ஆதலின், பெரும்பாலான மாணவர்க்குக் கல்லூரியாக அமைந்தது கையளவான திறன்பேசியே. சூம் வழியாக நேர்வகுப்பு நடத்துதல் நகரில் ஓரளவு இயன்றது. நகர்க்கு வெளியே வட்ஸ்அப் குழுவே வகுப்பாயிற்று. ஆசிரியர் தாம் எழுதிய குறிப்பைப் படம்பிடித்து அனுப்புவார். மாணவர் அதனைப் பெரிதாக்கிப் பார்த்துக் கொப்பியில் எழுதுவர். எழுதியதைப் படம்பிடித்துத் திருப்பியனுப்புவர். சுருங்கக் கூறின், ஏட்டைப் பார்த்து ஏடெழுதிய பழங்காலத் திண்ணைப்பள்ளி முறை, மின்னொளியில் மறுபிறவி எடுத்தது.

அந்நாளைய மாணவர் ஒருவரின் ஒரு நாள் எவ்வாறு கழிந்தது? காலையில் மணியில்லை, சீருடையில்லை, பேருந்துக்குக் காத்திருத்தல் இல்லை. வீட்டிலுள்ள ஒரே தொலைபேசி தந்தையோடு வேலைக்குச் சென்றதாயின், அவர் மாலையில் திரும்பிய பின்னரே காலைப்பாடம் தொடங்கும். பிள்ளைகள் மூவராயின், பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் மூத்தவர்க்கே முன்னுரிமை. இளையவர் பாடம் பெரும்பாலும் மறுநாளுக்குத் தள்ளப்படும். நள்ளிரவுக்குப் பின் பயன்படுத்துவதற்கெனக் குறைந்த விலையில் ஒதுக்கப்பட்ட தரவு இருந்தமையால், நீண்ட காணொலிகளை இறக்குதற்குப் பலர் அந்நேரம்வரை விழித்திருந்தனர். இரவு பகலாயிற்று, பகலில் உறக்கம் மேலிட்டது. அலை கிடையாத வீட்டிலிருந்தோர் மதிலோரத்தையும் மேட்டுநிலத்தையும் தேடிச் சென்றனர். ஊவா மலைப்பகுதியில் போகிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியரும் காட்டுவழி நடந்து பாறைக்குன்றின்மேல் ஏறிப் பாடம் பெற்ற செய்தி, 2021ஆம் ஆண்டில் வெளிநாட்டுச் செய்தித்தாள்களிலும் வந்தது. அங்ஙனம் செய்தியாகாத குன்றுகளும் மரநிழல்களும் நாடெங்கும் பலவாகும்.

இளம்பெண்களின் நாள் வேறொரு வகையானது. பாடசாலை நேரம் என்பது அவர்க்கு வீட்டுவேலையிலிருந்து சட்டப்படி கிடைத்த விடுதலையாகவும் இருந்தது. அந்நேரம் நீங்கியதும், அடுக்களையும் தம்பி தங்கையரைப் பார்த்தலும் அவ்விடத்தை நிரப்பின. சூம் வகுப்பில் முகங்காட்டாது பெயர்மட்டும் தோன்றிய மாணவியரிற் சிலர், ஒரு காதிற் பாடமும் மறு காதில் அடுப்புக் கொதியுமாக இருந்தனர் என்பதை ஆசிரியர் அறிவர். ஆண்பிள்ளைகளிற் சிலர் தந்தையுடன் கடலுக்கும் வயலுக்கும் கட்டடவேலைக்கும் சென்றனர். முதலில் அது பொழுதுபோக்காகத் தோன்றிற்று. பின்னர் அதனால் வந்த கூலி வீட்டுக்கு வேண்டியதாயிற்று.

இதற்குக் காரணம் குடும்பங்களின் பொருள்நிலை குலைந்தமையாகும். நாட்கூலியை நம்பியோர்க்கு ஊரடங்கு என்பது உலையடங்குதலாகவும் முடிந்தது. 2020 ஏப்பிரல், மே மாதங்களில் வருமானங் குன்றிய குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபா கொடுத்தது. ஒக்டோபர் பிற்பகுதியிற் கொழும்புக்கு அண்மையிலுள்ள பேலியகொடை மீன்சந்தையில் நோய்க்கொத்தணி தோன்றிச் சந்தை மூடப்பட்டதும், மக்கள் மீன் வாங்கவே அஞ்சினர். முன்னாள் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையிற் பச்சைமீனைக் கடித்துக்காட்டி அச்சத்தைப் போக்க முயன்றதும் அக்காலத்து நிகழ்ச்சியே. நம் கரையில் வலையிழுத்த குடும்பத்துக்கு அதன் பொருள் எளியது: மீன் இருந்தும் விலையில்லை. மீனுக்கு விலையில்லாத நாளிலே திறன்பேசிக்குத் தரவு வாங்குதல் எங்ஙனம்? இவ்வாறு பேலியகொடையில் அடைபட்ட ஒரு சந்தைக் கதவு, கரையோரத்துப் பிள்ளையொன்றின் பாடத்தையும் அடைத்தது. மாணவர் கல்வியைப் பாடவிதானத்தைக் கொண்டு மாத்திரம் அளத்தல் போதாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பல்கலைக்கழக மாணவர் நிலையையும் ஈண்டுக் கூறுதல் பொருத்தமாகும். நிலாவெளி வீதியிற் கோணேசபுரியில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் நாட்டின் பல பாகங்களிலுமிருந்து வந்தோர் பயில்கின்றனர். 2020 மார்ச் நடுப்பகுதியிற் பல்கலைக்கழகங்கள் இரு வாரங்களுக்கென மூடப்பட்டபோது, விடுதி மாணவர் சிறு பையோடு வீடு சென்றனர். இரு வாரம் பல மாதங்களாயிற்று. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் என்னும் வலையமைப்பு, மாணவர் தரவுக் கட்டணமின்றி விரிவுரை கேட்க வழிசெய்தமை இக்காலத்தின் நற்செயல்களுள் ஒன்று. பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அத்தகைய கட்டணமற்ற வழி தொடக்கத்திலிருந்தே முழுமையாகக் கிடைத்திருப்பின், வேற்றுமையின் கூர்மை சிறிது மழுங்கியிருக்கும்.

இனி, பரீட்சையை எடுத்துக்கொள்வாம். நம் மாணவர் வாழ்வில் அது நாட்காட்டியின் நடுத்தூண் ஆகும். அண்மை நாடுகளோடு ஒப்பிடுமிடத்து இலங்கை வேறொரு வழியை மேற்கொண்டது. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வும், 2021ஆம் ஆண்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் கைவிடப்பட்டு மாணவர் தேர்ச்சி பெற்றவராக அறிவிக்கப்பட்டனர். இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டில் தேர்வின்றிக் கணிப்பு முறையால் வழங்கப்பட்ட புள்ளிகள் பெருங்கிளர்ச்சிக்கு இடமாகி, ஒரு வாரத்துக்குள் மாற்றப்பட்டன. இலங்கையோ தேர்வைக் கைவிடாது ஒத்திவைத்தது. 2020 ஓகஸ்டில் நிகழவேண்டிய கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சை முதலிற் செப்டெம்பருக்கும், பின்னர் ஒக்டோபர் 12ஆந் திகதிக்கும் தள்ளப்பட்டு, நவம்பர் 6ஆந் திகதிவரை நடந்தது. மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்த அப்பரீட்சை, இரண்டாம் அலை எழுந்த அதே நாட்களில் நிகழ்ந்தது. ஊரடங்கு நிலவிய பகுதிகளிற் பரீட்சை அனுமதி அட்டையே வீதியிற் செல்லும் அனுமதிப் பத்திரமாகக் கொள்ளப்பட்டது. பெறுபேறுகள் 2021 மே மாதத்தில் வெளிவந்தன. அதற்கடுத்த உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், சாதாரண தரப் பரீட்சை மே மாதத்திலும் நடைபெற்றன.

இவ்விரு முறைகளில் எது சிறந்ததெனத் துணிதல் எளிதன்று. தேர்வைக் கைவிட்டால் உழைத்தவன் மனம் நோகும். ஒத்திவைத்தால் யாவர் மனமும் சோரும். ஒத்திவைப்பினால் நம் மாணவர்க்கு அறிவுப்புலனுக்கு அப்பாற்பட்ட ஒரு புதுப்பாடம் கிடைத்தது, அது காத்திருத்தல். இருமுறை முடித்த பாடத்தை மும்முறை மீட்டனர். ஒரு திகதியை நோக்கி உறுதிகொண்ட மனம், அது நழுவியதும் மற்றொரு திகதியை நோக்கிற்று. பதினெட்டு வயதில் ஆறு மாதம் என்பது நெடுங்காலம். அதனுள்ளே குடும்பச் சுமை ஏறும்; வெளிநாடு செல்லும் எண்ணம் பிறக்கும்; கற்றது மறக்கும். இக்காத்திருப்பு எந்தப் பெறுபேற்றுத் தாளிலும் குறிக்கப்படவில்லை.

கல்லூரி வாழ்வு பாடத்தோடும் பரீட்சையோடும் முடிவதன்று. 2020ஆம் ஆண்டு நவராத்திரி ஒக்டோபர் 17ஆந் திகதியும், 2021ஆம் ஆண்டு நவராத்திரி ஒக்டோபர் 7ஆந் திகதியும் தொடங்கின. அவ்விரு காலத்தும் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. எனவே இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வாணிவிழா வழமைபோற் கல்லூரி மண்டபத்தில் நிகழும் வாய்ப்பு இல்லாதொழிந்தது. 2020ஆம் ஆண்டில் நவராத்திரி நாட்களில் மண்டபத்துட் புகுந்தோர் உயர்தரப் பரீட்சார்த்திகளே. கும்பமும் கொலுவும் சுண்டலும் இருக்கவேண்டிய நாளில், இடைவெளிவிட்டு இடப்பட்ட மேசைகளும் கைகழுவும் நீர்த்தாங்கியும் இருந்தன. 6ஆந் தரத்திற் புதிதாய்ச் சேர்ந்த சிறுவர் மேல்வகுப்பு மாணவரின் கையைப் பிடித்து மாலை கட்டவும் கோலமிடவும் கற்கும் இடம் வாணிவிழாவாகும். ஒரு வகுப்பார் அடுத்த வகுப்பாருக்குக் கையளிக்கும் வழக்காறு இரண்டாண்டு அறுபடின், அதனை மீள இணைத்தல் எளிதன்று. இல்ல விளையாட்டுப் போட்டிக்கும், பாண்டு வாத்தியத்துக்கும், தமிழ்த்தின விழாவுக்கும் இஃது ஒக்கும்.

துயரிலும் இவ்வறுபாடு தோன்றிற்று. 2021ஆம் ஆண்டு முடிவதற்குள் நாட்டில் ஏறக்குறைய 15,000 பேர் இந்நோயால் இறந்தனர். தாத்தாவையோ தந்தையையோ இழந்த மாணவன் வீட்டுக்கு வகுப்பார் ஒருங்கே சென்று அமர்ந்திருத்தல் நம் வழக்கம், அஃது இயலாதாயிற்று. இம்மாவட்டத்தில் நம் மாணவரோடு உடன்கற்கும் இசுலாமியர் பலர். நோயால் இறந்தோரைத் தகனஞ் செய்தே தீரவேண்டும் என்னும் விதி 2020 ஏப்பிரல் தொடக்கம் 2021 பெப்ரவரி இறுதிவரை நிலவியமையால், அவர்தம் இல்லங்களில் இறப்பின் துயரோடு சமயக் கடன் இறுக்கமுடியாத துயரும் சேர்ந்தது. 2021 மார்ச்சிலேயே ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கிற்று. அருகே அமர்ந்து கற்ற நண்பனின் இத்துயரை நேரிற் கேட்டு ஆறுதல் கூறும் இடம் வகுப்பறை. அவ்விடம் அன்று பூட்டியிருந்தது.

2021ஆம் ஆண்டின் நீண்ட மூடலின் நடுவே மற்றொரு நிகழ்ச்சியும் சேர்ந்தது. ஜூலை 12ஆந் திகதி தொடக்கம் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்வைத்து இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. நெடுங்காலமாகத் தீராத அக்கோரிக்கையின் நியாயத்தைப் பலர் ஒப்புக்கொண்டனர். தம் சொந்தச் செலவில் தரவு வாங்கிக் கற்பித்தோரும், பயிற்சித் தாள்களை அச்சிட்டு வீடுகளுக்குச் சேர்த்தோரும் அவ்வாசிரியரே. எனினும் ஒக்டோபர்வரை திறன்பேசி வகுப்பும் மௌனமாயிற்று. ஓகஸ்ட் 20ஆந் திகதி தொடக்கம் ஒக்டோபர் 1ஆந் திகதிவரை மீண்டும் ஊரடங்கு நிலவிற்று. ஒக்டோபரில் 15 முதல் 19 வயதுக்குட்பட்டோர்க்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டபின் ஒவ்வொரு தரமாகக் கதவு திறந்தது.

திறந்த கதவை நோக்கி வந்த வழியும் துயரின்றி அமையவில்லை. 2021 நவம்பர் 23ஆந் திகதி காலை, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் புதிதாய்க் கட்டப்பட்டுக்கொண்டிருந்தமையால் மக்களை ஏற்றிச்சென்ற பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகள் உட்பட அறுவருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். இடைநிலை வகுப்புகள் திறக்கப்பட்ட மறுநாள் அது. ஏழு மாதம் வீட்டிலிருந்த பிள்ளைகளுக்குப் பள்ளி செல்லும் வழி எத்துணை விருப்புடையதாயிருந்திருக்கும் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கும். நோய்க்காலத்துக் கல்வி வரலாற்றிலே இந்நாளுக்கும் இடமுண்டு. பாடசாலைக்கு வருதல் என்பது இம்மாவட்டத்துப் பிள்ளைகள் பலர்க்கு நீர் கடந்து வருதல் என்பதை அது நினைவூட்டுகின்றது.

இக்காலத்தால் விளைந்த நன்மை எதுவுமில்லையோ எனின், உண்டு. ஆசிரியர் பலர் புதிய கருவிகளைக் கையாளக் கற்றனர். தானே தேடிப் படிக்கும் பழக்கம் சிலர்க்கு வாய்த்தது. தொலைவிலுள்ள பேராசிரியரின் சொற்பொழிவை மூதூர்ச் சிற்றூரிலிருந்தும் கேட்கலாம் என்னும் நிலை பிறந்தது. ஆயின் இந்நன்மைகளை எய்தினோர் யார் என வினவுதல் வரலாற்றாசிரியன் கடமை. தனியறையும் தனித்திறன்பேசியும் தடையற்ற அலையும் உடையோர்க்கு இவை எளிதிற் கிட்டின.

இவ்விடத்திலே தொடக்கத்திற் கூறிய இடாப்புக்கு மீண்டும் வருதல் இன்றியமையாதது. வகுப்பறையில் ஒரு பிள்ளை வராதிருப்பின், ஆசிரியர் பெயரைக் கூப்பிடுவார், மறுமொழி வராது, அந்த மௌனத்தை இடாப்பிற் குறிப்பார். இரண்டு நாள் தொடரின் நண்பரிடம் வினவுவார். வாரம் கடப்பின் வீட்டுக்கு ஆளனுப்புவார். வராதவரை அறிதற்கென நூற்றாண்டுகளாக வளர்ந்த முறை இது. திறன்பேசி வகுப்பில் வந்தவரையே கண்டோம். குறிப்பைப் பெற்றவர் எத்துணையர் என்பதை எண்ணலாம். பெறவே வழியில்லாதவர் குழுவிலேயே இல்லை. இடாப்பு மூடப்பட்டபோது, வராதவர் யாரென அறியும் கண்ணும் உடன்மூடப்பட்டது. எனவே, பிற்காலத்தில் அறிக்கைகளை மாத்திரம் கொண்டு வரலாறு எழுதுவோர், இத்தனை பாடங்கள் ஒளிபரப்பப்பட்டன, இத்தனை காணொலிகள் பதிவேற்றப்பட்டன, பரீட்சைகள் நிகழ்ந்தன, ஆகவே கல்வி தொடர்ந்தது என எழுதுவர். அது பொய்யன்று, ஆயினும் குறைமெய். கதவு திறந்த நாளிற் கூப்பிட்ட பெயர்களுள் மறுமொழி கிடைக்காதவையும் இருந்தன. சிலர் கூலிவேலையில் நின்றுவிட்டனர். சிலர் மணம்முடித்துக் கொடுக்கப்பட்டனர். சிலர் வேறூர் சென்றனர். இடாப்பில் அவர்க்கு எழுதப்பட்டது ‘இடைவிலகல்’ என்னும் ஒரு சொல். அச்சொல்லின் பின்னுள்ள மாதங்கள் எழுதப்படவில்லை.

எழுதுதற்குரிய சான்றுகளோ விரைந்து அழிகின்றன. ஏட்டுச்சுவடிகளைச் செல்லரித்துப் போனமைக்கு வருந்திச் சி. வை. தாமோதரம்பிள்ளை முதலிய பெரியோர் ஊரூராய்த் திரிந்து அவற்றை மீட்டனர். நம் காலத்துச் சுவடிகள் பழுதான திறன்பேசிகளிலும், கலைக்கப்பட்ட வட்ஸ்அப் குழுக்களிலும், கழித்துவிட்ட கொப்பிகளிலும் கிடக்கின்றன. அன்று உயர்தரம் பயின்றோர் இன்று பல்கலைக்கழகங்களிலும், அலுவலகங்களிலும், கடல்கடந்த நாடுகளிலும் பரந்துள்ளனர். அவர் நினைவு இன்னும் தெளிவாயிருக்கின்றது; இன்னும் பத்தாண்டு கழியின் அது மங்கும்.

ஆதலின் நம் கல்லூரிகள் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. ஒவ்வொரு வகுப்பின் 2020, 2021ஆம் ஆண்டு இடாப்பையும் எடுத்து, அதிலுள்ள பெயர்களை வரிசையாக வைத்து, ஒவ்வொருவரிடமும் சில எளிய வினாக்களைக் கேட்டல் வேண்டும்: வீட்டில் எத்தனை பேர் கற்றனர், தொலைபேசி எத்தனை, பாடம் எப்பொழுது கேட்டீர், எதனை இழந்தீர், யார் உதவினர். திரும்பி வாராதவர் வீட்டையும் தேடிச் செல்லுதல் வேண்டும். அவர் கூறுவதே இவ்வரலாற்றின் அரிய பகுதியாகும். வரலாறு பயிலும் மாணவர்க்கு இதனினும் சிறந்த பயிற்சி வேறில்லை. இத்தொகுப்பு நிறைவுறின், நாளை மற்றொரு நோயோ புயலோ வந்து கதவு அடைபடும்போது, எவ்வூருக்கு முதலில் ஆளனுப்பவேண்டும், எவ்வீட்டுப் பிள்ளைக்கு முதலிற் புத்தகம் சேர்க்கவேண்டும் என்பதனை அதிபரும் ஆசிரியரும் முன்னரே அறிவர். வெற்றுப் பக்கங்களை நிரப்புதற்குரியோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்தம் பெயரைக் கூப்பிடுதல் நம் கடனாகும்.